ஒலிவாங்கிக்கு முன் மலையகத் தமிழ்

இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதி நடித்த 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் பாத்திரங்களை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ராம்தாஸ் மரிக்காராக வந்து முஸ்லிம்களின் பேச்சுத் தமிழில் பேசினார். அப்புக்குட்டியாக ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். சிங்களவர் ஒருவர் தமிழ் பேசினால் எப்படி இருக்குமோ அப்படி உபாலியாகச் செல்வசேகரன் பேசினார். ஐயராக வந்த பி. எச். அப்துல் ஹமீத் பிராமணப் பேச்சைக் கையாண்டார். 1976-இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் அது வெளிவந்தது. முகமோ உடையோ கண்ணில் படாத ஊடகத்தில், சொல்லின் இழுப்பையும் முடிப்பையும் மட்டும் வைத்து நான்கு வகை மனிதர்களை வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து நிறுத்திய குரல் நடிப்பு அது. நாட்டின் தமிழ்ப் பேச்சுகளை இப்படி வரிசையாக நிறுத்திய அந்த நால்வரிடையே, அந்நாளில் இலட்சக்கணக்கானோர் பேசிய தேயிலைத் தோட்டத்துத் தமிழ், அதாவது மலையகத் தமிழ், இல்லை. அந்தக் கலைஞர்கள்மீது குறை காண இதைச் சொல்லவில்லை. அவர்கள் தமக்குக் கேட்டுப் பழகியதை மிகச் சிறப்பாகச் செய்தார்கள். ஆனால் கொழும்புக் கலையகத்தின் காதுக்கு எந்தத் தமிழ் எட்டியது, எது எட்டவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

குரலால் செய்யும் பணிகளைப் பற்றி நம்மிடையே நிலவும் எண்ணம் குறுகலானது. கணீரென்ற குரல், பிசகாத உச்சரிப்பு, ழகர ளகர வேறுபாடு ஆகிய மூன்றும் இருந்தால் ஒருவர் 'நல்ல குரல் வளம்' உடையவர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் குரல் பணி ஒரே தொழில் அன்று. ஒன்றோடொன்று முரண்படும் திறன்களைக் கேட்கும் பல தொழில்களின் தொகுப்பு அது. செய்தி வாசிப்புக்குரிய அளவுகோலை எல்லாவற்றுக்கும் பொது அளவுகோலாக்கியதால்தான் மலையகத் தமிழ் ஒலிவாங்கிக்கு முன் வராமற் போனது என்றும், அந்த இழப்பு மலையகத்தாருக்கு மட்டுமன்றித் தமிழ்க் குரற்கலை முழுவதற்கும் நேர்ந்தது என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

முதலில் அந்தத் தொழில்களைப் பிரித்துப் பார்ப்போம். செய்தி வாசிப்பவர் தம்மை மறைத்துக்கொள்ள வேண்டியவர். எந்தச் சொல்லில் அழுத்தம் கொடுத்தாலும் அது ஒரு கருத்தாகிவிடும் என்பதால் அவருடைய திறமை அடக்கத்தில் இருக்கிறது. நிகழ்ச்சி அறிவிப்பாளர் இதற்கு நேர் எதிர். அவர் தம் ஆளுமையை வைத்தே நேயரைப் பிடித்து நிறுத்துகிறார். விளம்பரக் குரலுக்கு முப்பது விநாடிதான் கணக்கு. ஐம்பது சொற்களுக்குள் ஒரு சிறு நாடகத்தை முடித்துப் பொருளின் பெயரையும் மனத்தில் பதிக்க வேண்டும். விவரணப் படத்துக்குக் குரல் கொடுப்பவர் படத்தோடு போட்டியிடாமல் அதற்குத் துணை நிற்க வேண்டும். எந்த இடத்தில் மௌனமாக இருப்பது என்று தெரிந்தவரே அங்கு தேர்ந்தவர். திரைப்பட டப்பிங்கில் இன்னொருவருடைய உடம்புக்குள் புகுந்து பேச வேண்டியிருக்கிறது. ப, ம போன்ற ஒலிகளில் உதடு மூடித் திறக்கும் கணம் திரையில் தெரியும் வாயோடு பொருந்தியாக வேண்டும். நடிகர் ஓடி வந்து பேசினால் குரல் கொடுப்பவர் நின்ற இடத்திலேயே மூச்சு வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் சவிதா ராதாகிருஷ்ணன், தீபா வெங்கட் போன்றோர் இதை முழுநேரத் தொழிலாகவே வளர்த்தெடுத்தார்கள். எஸ். பி. பாலசுப்ரமணியம் பாடகராக மட்டுமன்றித் தெலுங்கில் கமல்ஹாசனுக்குக் குரல் கொடுத்தவராகவும் அறியப்பட்டவர். இவை தவிர, புகையிரத நிலைய அறிவித்தல், தொலைபேசியில் இலக்கத்தை அழுத்தச் சொல்லும் குரல், ஒலிநூல், பாடசாலைப் பாடம், இடர் எச்சரிக்கை என்று புகழ் தராத குரல் பணிகள் ஏராளம். புகழ் தராவிட்டாலும் அன்றாட வாழ்வில் மக்கள் அதிகம் நம்பியிருப்பது இவற்றைத்தான்.

இத்தனை வகைக்கும் ஒரே அளவுகோல் எங்கிருந்து வந்தது? 1925 டிசம்பரில் கொழும்பில் தொடங்கிய வானொலி 1949-இல் 'ரேடியோ சிலோன்' ஆயிற்று. 1950-இல் வர்த்தக சேவை தொடங்கியது. அதன் தமிழ் ஒலிபரப்பு பாக்கு நீரிணையைத் தாண்டித் தமிழ்நாடெங்கும் கேட்டது. அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனம் அறிவிப்பைச் சம்பிரதாயப் பேச்சிலிருந்து விடுவித்து நேயரோடு உரையாடும் பாணியாக்கினார். பின்னால் வந்த ராஜேஸ்வரி சண்முகத்தின் கனிவும், கே. எஸ். ராஜாவின் மின்னல் வேகமும், அப்துல் ஹமீதின் துல்லியமும் இரு கரைகளிலும் கொண்டாடப்பட்டன. யாழ்ப்பாணத்தாருக்கும் மதுரைக்காரருக்கும் ஒருங்கே விளங்க வேண்டிய ஒலிபரப்புக்கு, எந்த ஊரையும் சேராத ஒரு பொதுத் தமிழ் தேவைப்பட்டது. அதை ஆக்கிக்கொண்டது அறிவான செயல். தமிழ் ஒலிபரப்பின் பெரும் சாதனையும் கூட. நாவலப்பிட்டியிலும் நோர்வூட்டிலும் லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் காம்பராவில் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்டதும் அந்தப் பொதுத் தமிழைத்தான். தோட்டத்து மக்கள் அதன் பற்றுள்ள நேயர்களாக இருந்தார்கள். நேயராக இருந்தவர்களின் பேச்சு ஒலிபரப்பாளரின் வாயில் வரவில்லை என்பதே சிக்கல்.

பொதுத் தமிழ் மட்டுமே ஒலிபரப்பான மொழி என்றிருந்தால் இந்தக் குறைக்கு இடமில்லை. ஆனால் வானொலி நாடகம் தொடக்கம் முதலே பேச்சுத் தமிழை வரவேற்றது. 'சானா' என்று அழைக்கப்பட்ட வானொலி நாடகத் தயாரிப்பாளர் சண்முகநாதனின் காலத்தில் இலங்கையர்கோன் எழுதிய 'விதானையார் வீட்டில்' யாழ்ப்பாணக் கிராமத்துப் பேச்சை அப்படியே ஒலிக்க வைத்தது. பின்னாளில் பேராசிரியராகப் பேர்பெற்ற கார்த்திகேசு சிவத்தம்பி அதில் விதானையாராகக் குரல் கொடுத்து நடித்தார். 'லண்டன் கந்தையா' என்ற நாடகமும் மக்கள் வாயில் புழங்கும் பெயரானது. ஆகவே வட்டாரப் பேச்சு கலைக்கு உகந்தது என்பதில் இலங்கை வானொலிக்கு ஐயம் இருக்கவில்லை. எந்த வட்டாரம் என்பதில்தான் தேர்வு இருந்தது. மலையகத்துக்கென நேரம் ஒதுக்கிய நிகழ்ச்சிகள் இருந்ததுண்டு. ஆனால் ஒதுக்கிய நேரத்தில் ஒலிப்பதும் எல்லோரும் கேட்கும் நேரத்தில் இயல்பாக ஒலிப்பதும் ஒன்றாகா.

திரைப்படத்திலும் இதே கதைதான். தொழிற்சங்கவாதி வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975-இல் வந்தபோது தோட்ட வாழ்க்கை திரைக்கு வந்தது. எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அதன் எழுத்துப் பணியில் இருந்தார். ஆனால் அந்த முயற்சி ஒரு தொடர்ச்சியாக வளரவில்லை. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டுத் திரையுலகம் 'இலங்கைத் தமிழ்' என்று அறிந்திருப்பது முழுக்க யாழ்ப்பாணத் தமிழைத்தான். 'தெனாலி' (2000) படத்தில் கமல்ஹாசன் பேசியது அது. கால் நூற்றாண்டு கழித்து 'டூரிஸ்ட் ஃபேமிலி' (2025) குடும்பத்தினர் பேசியதும் அதுவே. இரண்டிலும் நடிகர்கள் உழைத்துக் கற்றார்கள், இரசிகர்களும் மனமார ஏற்றார்கள். ஆனால் அந்தப் பழக்கத்தின் விளைவாக, ஹட்டனிலிருந்து ஒருவர் சென்னைக்குப் போய்த் தம் தமிழில் பேசினால் 'நீங்கள் இலங்கைக்காரர் போலப் பேசவில்லையே' என்பார்கள். கொழும்பில் அதே தமிழ் 'இந்தியத் தமிழ்' என்று காதில் விழும். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டை, இராமநாதபுரம் என்று பல மாவட்டங்களிலிருந்து போன பேச்சுகள் நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக ஒரே லயத்தில் கலந்து, சிங்களச் சொல்லையும் துரைமார் ஆங்கிலத்தையும் தம் வாய்க்கேற்பத் திருத்திக்கொண்டு உருவான ஒரு தனித் தமிழ், இரண்டு கரையிலும் முகவரியில்லாமல் நிற்கிறது.

இதற்கு ஊடகத்துக்கு வெளியேயும் வேர் உண்டு. தோட்டத்துத் தமிழ் அச்சேறிய முறையே விசித்திரமானது. புதிதாக வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் தொழிலாளரிடம் வேலை வாங்குவதற்காகத் தமிழ் கற்பிக்கும் கைநூல்கள் கொழும்பில் வெளிவந்தன. டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் எழுதிய 'கூலித் தமிழ்' நூல் அவற்றுள் பெயர்பெற்றது. மு. நித்தியானந்தன் அதே பெயரில் 2014-இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுப்பில் இந்தக் கைநூல்களை ஆராய்ந்து, அவற்றின் மொழி எப்படி ஏவலின் மொழியாக இருந்தது என்று காட்டினார். தொழிலாளரை வரிசைப்படுத்தி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் காலையில் ஒலித்தது ஒருவழிக் குரல். துரை சொல்வார், கங்காணியும் கணக்கப்பிள்ளையும் அதை உரக்கத் திருப்பிச் சொல்வார்கள், மற்றவர்கள் மலைக்கு ஏறுவார்கள். 1948-இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களின் அரசியல் குரலைப் பறித்தது. 1964 ஒக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரில் பெரும்பாலோரை அவர்களைக் கேளாமலே இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே பங்கிட்டது. மீதமிருந்தோரின் பிரசாவுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003 வரை வரவில்லை. வர்த்தக சேவையின் பொற்காலம் என்று நாம் கொண்டாடும் ஆண்டுகளும் இந்த நாடற்ற ஆண்டுகளும் ஒரே ஆண்டுகள். நாட்டில் இருப்பாரா போவாரா என்று தெரியாத மக்களின் பேச்சை நாட்டின் பேச்சாக ஒலிபரப்ப யாருக்கும் தோன்றாததில் வியப்பில்லை. அதற்காக அது நியாயமாகிவிடாது.

மலையகத்தில் குரற்கலை இல்லாததால் வெளியே வரவில்லை என்று சொல்ல முடியாது. மாசி மாதத்தில் மூன்றாம் பிறை தொடங்கிப் பூரணை வரை ஆடப்படும் காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கூத்து மாஸ்டர் பாடும் அடியைத் தப்பின் முழக்கத்துக்கு மேல், குளிரில், இரவு முழுக்க, திறந்த வெளியில் நடத்திச் செல்ல வேண்டும். காமனை இழந்த ரதியின் புலம்பலில் ஒப்பாரியின் முழு இலக்கணமும் வந்துவிடுகிறது. அடியின் இறுதியை இழுத்து, மூச்சை அங்கேயே உடைத்து, உடைந்த மூச்சையே அடுத்த அடியின் தொடக்கமாக்கும் உத்தி அது. மூச்சைப் பொருளாக மாற்றும் இந்த வித்தையைத்தான் டப்பிங் கலைஞர் கலையகத்தில் பல ஆண்டுகள் பயின்று பெறுகிறார். அரசியல் மேடையும் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது. 1931-இல் ஹட்டனை நிலைக்களமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்த கோ. நடேசய்யருடன் அவர் மனைவி மீனாட்சியம்மை ஊர் ஊராகப் பாடிக் கூட்டம் சேர்த்தார். சொற்பொழிவுக்கு வராதவர்கள் பாட்டுக்கு வந்தார்கள். மடக்கும்பரைத் தோட்டத்தில் பிறந்து 1947 தேர்தலில் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை இம்மக்களின் பாடல்களை அலைந்து திரட்டித் தொகுத்தார். ஏட்டில் வந்தது சொல் மட்டும்தான். அந்தச் சொற்களை எப்படிப் பாடினார்கள், எங்கே குரல் தழுதழுத்தது, எங்கே கூட்டம் சேர்ந்து இசைத்தது என்பதை அச்சு தராது. ஒலியாக எஞ்சியது மிகச் சிறிது என்பதே என் கவலைக்குக் காரணம்.

கூத்துக் குரலை அப்படியே ஒலிவாங்கிக்கு முன் வைத்தால் அது தோற்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மைதானத்துக்குப் பழகிய குரல் தூரத்தை வெல்ல வளர்ந்தது. ஒலிவாங்கி கேட்பதோ ஒரு சாண் தொலைவில் நின்று ஒருவர் காதில் பேசும் குரலை. பகர ஒலி வெடித்துவிடாமல் வாயைச் சற்றே பக்கவாட்டில் திருப்புவதும், மூச்சிழுக்கும் ஓசையை ஒளிப்பதா வெளிக்காட்டுவதா என்று காட்சிக்குக் காட்சி முடிவு செய்வதும், நான்கு மணிநேரப் பதிவின் கடைசி வரியும் முதல் வரியின் நிறத்தில் இருக்கும்படி தொண்டையைக் காப்பதும் தனியே கற்க வேண்டியவை. ஆனால் இவை சில மாதங்களில் கற்றுத்தரக் கூடியவை. மூச்சால் துயரத்தைச் சொல்லும் திறனையும், ஒரு வாழ்க்கையின் சொற்களை உள்ளிருந்து அறிவதையும் சில மாதங்களில் கற்றுத்தர முடியாது. நாம் கற்பிக்கக் கூடியதைத் தகுதியாகவும், கற்பிக்க முடியாததைக் குறையாகவும் வைத்திருக்கிறோம்.

இது எங்கே மிகவும் வலிக்கிறது என்றால், விவரணப் படங்களில் ஒரு தொழிலாளியின் சாட்சியத்துக்கு மேல் இன்னொருவர் குரலைப் பரப்பும் இடத்தில்தான். கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் பேசத் தொடங்குவார். இரண்டு விநாடி அவர் குரல் கேட்கும், பிறகு அது தணியும், மேலே சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சில வேளை திருத்திய தமிழிலோ வேறொரு குரல் தொடரும். உலகெங்கும் வழக்கிலுள்ள முறை இது. இதற்குரிய ஒழுக்கமும் உண்டு. மேலே வரும் குரல் நடிக்கக் கூடாது, அழக் கூடாது. மூலக் குரலுக்கு ஒரு மூச்சு பின்னால் தொடங்கி, அது முடிவதற்குச் சற்று முன்போ பின்போ நிறுத்தி, பேசியவரின் கடைசிச் சொல் கேட்பவர் காதில் விழ இடம் விட வேண்டும். அதற்குப் பேசியவர் என்ன சொன்னார் என்பது முழுதாக விளங்கியிருக்க வேண்டும். தோட்டத்தில் நிர்ணயித்த கிலோ குறைந்தால் 'அரைப்பேரு' போடுவார்கள். ஒரு நாளின் உழைப்புக்குப் பாதிச் சம்பளம் என்று பொருள். பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்கு ஓடி, கொழுந்து மடுவத்தில் நிறுவைக்கு நின்று, கடைசியில் அரைப்பேரு வாங்கியதை ஒருத்தி சொல்லும்போது அந்தச் சொல்லில் இருப்பது வெறும் கணக்கு அல்ல, அவமானம். அதை அறியாதவர் அந்த வரியைத் தட்டையாகக் கடந்து போவார். அறிந்தவர் குரலை உயர்த்தாமலே அங்கே ஒரு கணம் நிற்பார். உச்சரிப்புத் தேர்வில் இந்த வேறுபாட்டுக்கு மதிப்பெண் கிடையாது.

இன்னொரு வகையில் இந்தக் குரல் தேர்வு உயிர் சம்பந்தமானது. 2014 ஒக்டோபர் 29 காலை பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. மாற்று இடம் தராததே அங்கு முதற்குற்றம். அதைக் குரல் பிரச்சினையாகச் சுருக்குவது தவறு. ஆனால் எச்சரிக்கை மக்களைச் சென்றடையும் கடைசிப் படி எப்போதும் ஒரு குரல்தான். இருபத்துநான்கு மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் விழிப்பாயிருக்கவும், 100 என்றால் வெளியேற ஆயத்தமாகவும், 150-ஐத் தாண்டினால் உடனே வெளியேறவும் அந்நிறுவனம் படிநிலை வகுத்திருக்கிறது. மூன்று படிகளையும் ஒரே அலுவலகத் தமிழில், ஒரே தொனியில் வாசித்தால் நாள் முழுக்க உழைத்துக் களைத்தவர் காதில் மூன்றும் ஒன்றாகவே விழும். முதற்படியில் நிதானமும் மூன்றாம் படியில் பதற்றமில்லாத அவசரமும் குரலில் வர வேண்டும். 'நிலத்தில் வெடிப்புகள் அவதானிக்கப்படின்' என்று தொடங்கும் வாக்கியத்துக்குப் பதிலாக லயத்துக்குப் பின்னால் உள்ள மண்மேட்டையும், திடீரென்று கலங்கி வரும் பீலித் தண்ணீரையும், சாயும் மரத்தையும் மக்கள் பேசும் சொல்லிலேயே சொல்ல வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் நாடெங்கும் 600-க்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட டித்வா புயலில் மலைநாட்டுச் சரிவுகள் மீண்டும் இடிந்தன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். அவர்களுக்கான இடர் அறிவித்தல் அவர்களுடைய பேச்சில் இருக்க வேண்டும் என்பது சலுகைக் கோரிக்கையல்ல, அறிவித்தல் என்னும் தொழிலின் அடிப்படை.

இதற்கெதிராகச் சொல்லப்படுபவற்றில் வலுவானது பொதுமொழி பற்றிய வாதம். ஆளுக்கொரு பேச்சில் ஒலிபரப்பினால் தமிழ் சிதறும், ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்காது என்பார்கள். செய்திக்கும் சட்டத்துக்கும் பாடநூலுக்கும் பொதுத் தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. 'கொழுந்து' என்பதில் ழகரம் பிசகினால் செய்தி வாசிப்பவரைத் திருத்துவது சரியே. அதே ழகரத்தைக் கொழுந்து பறிக்கும் பாத்திரத்தின் வாயில் திணித்தால் அது பொய். முதலில் சொன்னபடி தொழில்கள் வேறு, அளவுகோல்களும் வேறு. தவிர, எந்தப் பேச்சு 'தெளிவானது' என்பதைப் பெரும்பாலும் பழக்கமே தீர்மானிக்கிறது. பிரித்தானியாவில் பிபிசி 1941-இல் யோர்க்ஷயர் பேச்சொலி கொண்ட வில்பிரட் பிக்கிள்ஸைத் தேசியச் செய்தி வாசிக்க வைத்தபோது நேயர்கள் பலர் முகஞ்சுளித்தார்கள். இன்று அங்கே வட்டாரப் பேச்சொலியோடு செய்தி கேட்பது யாரையும் உறுத்துவதில்லை. யாழ்ப்பாணத் தமிழும் தமிழ்நாட்டு நேயருக்கு ஒரு காலத்தில் புதிதாகத்தான் இருந்தது. கேட்கக் கேட்க விளங்கியது, விளங்க விளங்கப் பிடித்தது.

மலையகத் தமிழ் என்று ஒன்று இருக்கிறதா, தோட்டத்துக்குத் தோட்டம் மாறுகிறதே என்பது அடுத்த கேள்வி. மாறத்தான் செய்கிறது. டிக்கோயாவின் பேச்சும் இராகலையின் பேச்சும் முற்றிலும் ஒன்றல்ல. சாதிக்கும் வந்த ஊருக்கும் ஏற்ப வீட்டுக்குள் சொற்கள் வேறுபடும். ஆனால் யாழ்ப்பாணத் தமிழிலும் வடமராட்சியும் தீவகமும் ஒன்றல்ல. வானொலி நாடகக்காரர்கள் அதைக் காரணம் காட்டி ஒதுங்கவில்லை. கேட்டுத் தேர்ந்து ஒரு மேடைத் தமிழை உருவாக்கினார்கள். அந்த உழைப்பை மலையகத்துக்கு இன்னும் யாரும் போதுமான அளவு செய்யவில்லை. அதுவரை 'வேறுபாடு அதிகம்' என்பது காரணமாகாது.

நான் மிகவும் மதிக்கும் மறுப்பு மலையகத்துக்குள்ளிருந்தே வருகிறது. தோட்டத்துப் பேச்சு எங்களைக் கேலிக்குள்ளாக்கியது, எங்கள் பிள்ளைகள் அதைக் கழற்றிப் போட்டுப் பொதுத் தமிழில் பேசித்தான் மேலே வந்தார்கள், மறுபடி அதையே மாட்டிவிடப் பார்க்கிறீர்களா என்கிறார்கள். 1998-இல் தனியார் தமிழ் வானொலிகள் வந்தபின் மலையக இளைஞர்களும் ஒலிபரப்புத் துறைக்குள் நுழைந்தார்கள். நுழைவதற்கு அவர்கள் கற்றுக்கொண்டது வேறொரு பேச்சு. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆனால் நல்ல குரல் கலைஞருக்கு இரண்டு பேச்சும் கைவசம் இருக்க வேண்டும். ஒன்றை இழந்து ஒன்றைப் பெறுவதைத் தேர்ச்சி என்று சொல்ல முடியாது. ராம்தாஸும் அப்துல் ஹமீதும் நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி வேறு தமிழ் பேசியதால் அவர்கள் மதிப்பு குறையவில்லை, கூடியது. கேலிக்குக் காரணம் பேச்சன்று. வேலைக்காரப் பாத்திரத்துக்கு மட்டும் அந்தப் பேச்சைத் தந்த எழுத்துப் பிரதிதான் காரணம். வைத்தியரும் ஆசிரியரும் சட்டத்தரணியும் அந்தத் தமிழில் பேசும் நாடகங்கள் பத்து ஒலிபரப்பானால் காதின் வழக்கம் மாறும். 2021-இல் உலகெங்கும் ஒலித்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலுக்குப் பின்னால், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாடு திரும்பிய வள்ளியம்மாள் என்னும் பாட்டியின் வாழ்க்கை இருந்ததை அவர் பேரனான பாடகர் அறிவு சொன்னார். ஒப்பாரியின் குரலைக் கோடிக்கணக்கானோர் மகிழ்ந்து கேட்டார்கள். வெட்கப்பட அதில் எதுவுமில்லை.

கணினிக் குரல் வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்போரும் உண்டு. மைக்ரோசொஃப்ட்டின் செயற்கைக் குரல் சேவையில் தமிழுக்கு இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என நாடுவாரியாகக் குரல்கள் உள்ளன. இலங்கைக்கு ஓர் ஆண் குரலும் ஒரு பெண் குரலும். ஒரு நாட்டுக்கு ஒரு தமிழ் என்னும் இந்தப் பகுப்பில் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் மஸ்கெலியாவுக்கும் தனி இடமில்லை. இயந்திரம் தானாக எதையும் ஒதுக்குவதில்லை. பதிவாகிக் கிடைக்கும் குரல்களிலிருந்தே கற்கிறது. ஐம்பதாண்டு ஒலிபரப்பில் பதிவாகாத பேச்சு, அடுத்த ஐம்பதாண்டின் இயந்திரத்துக்கும் தெரியாமற் போகும். கணினிக் குரலின் வரவு இந்த வேலையைத் தேவையற்றதாக்கவில்லை, அவசரமாக்கியிருக்கிறது.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒலிபரப்பு நிறுவனங்கள் குரல் தேர்வைத் தொழில்வாரியாகப் பிரிக்கட்டும். செய்திக்கு ஒரு தேர்வு, நாடகத்துக்கும் டப்பிங்குக்கும் வேறு தேர்வு, பொது அறிவித்தலுக்கு இன்னொன்று. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தம் ஊர்ப் பேச்சில் பேசிக்காட்டுவது கட்டாயப் பகுதியாக இருக்கட்டும். டப்பிங் கலைஞரின் பெயரைத் திரையில் போடுவது போல, விவரணப் படத்தில் சாட்சியம் சொன்ன தொழிலாளியின் பெயரையும், அவர் சம்மதித்தால், போடட்டும். கலையகம் கொழும்பில்தான் இருக்க வேண்டும் என்ற நிலையும் மாற வேண்டும். நாட்டில் மிகுந்த மழை பெய்யும் இடங்களில் ஒன்றான வட்டவளையில், தகரக் கூரைக்குக் கீழே இருந்து ஓர் இளம்பெண் கைப்பேசியில் குரல் பதிவு செய்து அனுப்ப முடியாது. மழை ஓய்ந்த நேரம் பார்த்து வேலை தருபவர் எவருமில்லை. ஹட்டனிலோ நுவரெலியாவிலோ ஒலி புகாத ஓர் அறை, இரண்டு ஒலிவாங்கி, பயிற்றுவிக்க ஒருவர் என்ற அளவில் தொடங்கினால் போதும். பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து வெளிவரும் ஆசிரியர்கள் பலர் தோட்டப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள். குரற்பயிற்சியை அவர்களிடமிருந்து தொடங்கலாம். காமன் கூத்து மாஸ்டர்களும் ஒப்பாரி பாடும் மூதாட்டிகளும் வயதாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை அவர்கள் ஊரிலேயே, அவர்கள் பெயரோடு, உரிய சன்மானம் கொடுத்துப் பதிவு செய்யும் வேலையை வருகிற மாசிக்கு முன் யாராவது தொடங்க வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியும் நேரமும் உள்ள மலையகத்து இளைஞர்கள் அதற்காக எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாம்.